மூன்று சுற்று வரை போகும் மரை

என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்து ஓராண்டு ஆனபின், கிளப் துப்பாக்கியை முறைவைத்துப் பயன்படுத்துவது போதாது என்ற நிலை வந்தது. புதிதாக வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. போட்டிகளிலிருந்து ஒதுங்கிவிட்ட மூத்த வீரர் ஒருவர் தம்முடைய ஜெர்மன் துப்பாக்கியை விற்க முன்வந்தார். ஆடி முடியட்டும் என்று என் மனைவி நிறுத்திவைத்ததால், ஆவணி முதல் வாரத்தில் அது வில்லிவாக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் துப்பாக்கியும் இரண்டு காற்றுச் சிலிண்டர்களும் இருந்தன. சிலிண்டரில் காற்று ஏற்றுவதற்கான அடாப்டர் மட்டும் இல்லை. அந்த ஒரு விரலளவுத் துண்டைத் தேடி ஆவணியிலிருந்து ஐப்பசி வரை நான் செய்த சரிகளையும் தவறுகளையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். தவறுகள்தான் அதிகம்.

இந்த வகைத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் இயல்பான அழுத்தம்) அடைத்த காற்றை, உள்ளே இருக்கும் ஒரு ரெகுலேட்டர் அதைவிட மிகக் குறைந்த, ஆனால் மாறாத அழுத்தத்துக்கு இறக்கிக் கொடுக்கிறது. அந்தக் காற்றின் ஒரு சிட்டிகைதான் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைக் குழாயிலிருந்து தள்ளுகிறது. 0.53 கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 168 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்கும் எல்லை 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழாய்க்கும் மேல்தான் தொடங்குகிறது என்பதால், வீட்டில் வைத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் இல்லை. ஹூஸ்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டிலேயே ரைஃபிள் தோட்டாக்களை மீண்டும் நிரப்புகிறவர். இங்கே அப்படிச் செய்ய உற்பத்தி உரிமம் வேண்டும் என்பதை அவரால் இன்றுவரை நம்ப முடியவில்லை. ஆனால் அவர் தொலைபேசியில் புலம்புவதும் நான் இங்கே பட்டதும் ஒன்றுதான். தோட்டா நிரப்பும் அவருடைய அச்சுகளின் மரை, அதாவது திருகு வரி, எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று என்று பொதுவாக இருப்பதால் எல்லாம் எல்லாவற்றிலும் ஏறிவிடுமாம். தோட்டாவின் அடியைப் பிடிக்கும் தாங்கியின் உயரம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மயிரிழை மாறி, அவருடைய அளவுகளையெல்லாம் கெடுத்துவிடுமாம். மரை ஏறிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று நம்பியதுதான் என் முதல் தவறும்.

முதலில் சிலிண்டர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டின் தோளிலும் தயாரிப்பு ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது: ஒன்றில் 2009, மற்றொன்றில் 2017. இத்தகைய போட்டிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் விதிக்கும் ஆயுள் பத்தாண்டு. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்றிருந்த 2009ஆம் ஆண்டுச் சிலிண்டரைத்தான் என் கை முதலில் எடுத்தது. ஆண்டைப் பார்த்ததும் உள்ளே இருந்த காற்று முழுவதையும் மெல்ல வெளியேற்றி, அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். 2017ஆம் ஆண்டுச் சிலிண்டருக்கும் அதிக காலம் மிச்சமில்லை என்பதை அப்போதே குறித்துக்கொண்டேன். இப்போதைக்கு அது ஒன்றை வைத்துத்தான் பயிற்சி நடக்கிறது.

வீட்டிலேயே காற்றேற்றுவதற்கு மூன்றடுக்குக் கைப்பம்பு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பார்ப்பதற்குச் சைக்கிள் பம்பின் பெரியப்பா போல இருக்கும். அதன் குழாய் முனையில் உள்மரை இருந்தது. சிலிண்டருக்கான அடாப்டரைப் பழைய பொருள்கள் வைத்திருந்த மற்றொரு வீரரிடமிருந்து வாங்கினேன்; அதன் ஒரு பக்கம் எங்கள் சிலிண்டரில் அழகாக அமர்ந்தது, மறுபக்கத்தில் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் வெளிமரை இருந்தது. பம்பின் முனையை அதில் வைத்துக் கையால் திருகியபோது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று வரை வெண்ணெயாக ஏறியது. அதற்குப் பிறகு இறுகியது. இறுகியதை நான் "டைட் ஆகிவிட்டது" என்று புரிந்துகொண்டேன். கொஞ்சம் காற்று கசிந்ததால் கழற்றி, வீட்டுக் குழாய் வேலைக்குச் செய்வதுபோல் டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றி, ஸ்பேனரால் மேலும் அரைச் சுற்று இழுத்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 22 ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். ஆனால் என் வேலை மோட்டாரும் பேனலும்தான், குழாய் இணைப்புகளை எப்போதும் வேறொருவர் பார்த்துக்கொண்டார் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மொட்டைமாடியில் வைத்துப் பம்பு அடிக்கத் தொடங்கினேன். 110 பாரை முள் தாண்டியபோது இணைப்பிலிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கை எழுந்தது. இன்னும் சிறிது இறுக்கிப் பார்க்கலாம் என்று ஸ்பேனருக்குக் கை போனது. அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பிலும் ஸ்பேனர் வைக்கக்கூடாது என்று பம்புடன் வந்த தாளில் இருந்த ஒரே உருப்படியான வரி நினைவுக்கு வந்ததால், கையை எடுத்துவிட்டு, வெளியேற்றும் திருகைத் திறந்து குழாயில் இருந்த காற்றை விட்டேன். அன்று அந்த வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலை, என்னோடு வேலை பார்த்து இப்போது அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு துண்டுகளையும் கொண்டுபோனேன். அவர் வெர்னியரைக்கூட எடுக்கவில்லை. வெளிமரையின் மேல் விரல்நகத்தை ஓட்டினார், மரையின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பிட்ச் கேஜின் இரண்டு இலைகளை வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "சார், இது இன்ச்சு மரை, அது எம்.எம். மரை. மூணு சுத்து போகும், அப்புறம் ஒண்ணையொண்ணு கடிக்கும். நீங்க டைட்டுன்னு நெனச்சது கடிச்சதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நானே அளந்து பார்த்தேன். அடாப்டரில் இருந்தது 1/8 பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரை: வெளிவிட்டம் 9.73 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 0.907 மில்லிமீட்டர். பம்பில் இருந்தது எம் 10க்கு 1 என்ற மெட்ரிக் மரை: விட்டம் 10 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். விட்டத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. சுற்றுக்குச் சுற்று 0.093 மில்லிமீட்டர் பின்தங்கி, ஐந்தாவது சுற்றில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது பாதி மரை அளவுக்கு ஒன்று மற்றொன்றை விட்டு விலகிவிடுகிறது. அந்த நிலையில் மரையின் முழுப் பக்கமும் பாரத்தைத் தாங்குவதில்லை. ஓரிரு இடங்களில் நுனிகள் மட்டும் சிக்கிக்கொண்டு நிற்கின்றன. 200 பார் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் மேல் அது 1570 நியூட்டன், அதாவது 160 கிலோ எடைக்குச் சமம். மூன்று சிமெண்ட் மூட்டைக்கும் மேற்பட்ட அந்தப் பாரத்தில் பாதிக்கு மேல், 110 பாரிலேயே, நான் நான்கைந்து மரை நுனிகளில் தொங்கவிட்டு, அதன் நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பைக் கடைந்து கொடுக்கும்படி நண்பரிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். "எந்த கம்பி, என்ன கிரேடுன்னு தெரியாத பித்தளைல இருநூறு பாருக்கு நான் கடைஞ்சு தரமாட்டேன் சார். பாரிஸ் கார்னர்ல ஹைட்ராலிக் கடைக்குப் போங்க, மேல ரேட்டிங் அடிச்சதா பாத்து வாங்குங்க" என்றார். தமக்குக் கூலி கிடைக்கும் வேலையை மறுக்கும் மேஸ்திரி சொல்வதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் அனுபவம். பாரிமுனையில் மூன்று கடைகள் ஏறி இறங்கி, ஒரு பக்கம் பி.எஸ்.பி. உள்மரையும் மறுபக்கம் எம் 10 வெளிமரையும் கொண்ட, 400 பார் என்று உடலிலேயே பொறித்த ஸ்டெயின்லெஸ் இணைப்பைக் கண்டுபிடித்தேன். அதனுடன் இரும்பு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வாஷர்களையும் வாங்கினேன். கடைகளில் அவற்றை டௌட்டி வாஷர் என்கிறார்கள். இந்த இரண்டு மரைகளும் நேர் மரைகள். வீட்டுக் குழாயின் கூம்பு மரையைப்போல இறுகி அடைபடுபவை அல்ல. இவற்றில் காற்றை நிறுத்துவது வாஷரின் ரப்பர்தான், மரையின் வேலை இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மட்டும்தான். ஆகவே நேர் மரையில் டெஃப்லான் டேப்புக்கு இடமே இல்லை. நான் சுற்றிய டேப் பின்னால் எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பம்பு ஒருவழியாகச் சரியானது. நூறிலிருந்து இருநூறு பாருக்கு ஏற்ற எனக்கு நூற்று முப்பது அடிகளுக்கு மேல் தேவைப்பட்டன. நாற்பது அடிக்கு ஒருமுறை பம்பு ஆறுவதற்கும் நான் மூச்சு வாங்குவதற்கும் நிறுத்த வேண்டியிருந்தது. அறுபது குண்டுப் போட்டிப் பயிற்சிக்கு, முன்னோட்டக் குண்டுகளையும் சேர்த்து, முப்பது பார் அளவுக்குத்தான் செலவாகிறது என்பதால் இது தாங்கக்கூடிய வேலைதான். ஆனால் மாவட்டப் போட்டி நெருங்கியபோது ஒரு நாளில் இரண்டு வேளைப் பயிற்சி என்றானது. கிளப்பில் இருக்கும் பெரிய காற்றுத் தொட்டியிலிருந்து நேரடியாக ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் இரண்டாவது பொருத்தச் சிக்கல் காத்திருந்தது, முதலாவதைவிட நாகரிகமான வேடத்தில்.

மூழ்குநீச்சல் தொட்டிகளின் வால்வுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மூழ்குநீச்சல் நிலையங்களில் பெரும்பாலும் காணப்படும் 11 லிட்டர் அலுமினியத் தொட்டியில், வால்வைச் சுற்றி ஒரு கவ்வியை மாட்டித் திருகும் முறை இருக்கும். அதன் வேலை அழுத்தம் 207 பார். மற்றது டிஐஎன் எனப்படும் ஜெர்மன் முறை. 5/8 அங்குலக் குழாய் மரையில் நேராகத் திருகுவது. இந்த டிஐஎன் முறையிலேயே 200 பார் வகையும் 300 பார் வகையும் தனித்தனி. மரையின் விட்டமும் சுற்றும் இரண்டிலும் ஒன்றே. வாயின் ஆழம் மட்டும் வேறு. 200 பார் முனையில் ஐந்து சுற்று மரை, 300 பார் முனையில் ஏழு. 300 பார் வால்வின் வாய் ஆழமானதாகையால், குட்டையான 200 பார் முனையை அதில் கடைசிவரை திருகினாலும், முனையின் முகத்திலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வால்வின் அடியைத் தொடாது. வால்வைத் திறந்ததும் காற்று முழுவதும் பக்கவாட்டில் சீறி வெளியேறிவிடும். நீளமான 300 பார் முனையோ இரண்டு வால்விலும் அமர்ந்துவிடும்.

எங்களிடம் இருந்தது 200 பார் முனை. கிளப்பில் அன்று நிரப்பி வைத்திருந்த தொட்டி 300 பார் வகை. நான் திருகினேன், வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன், சீறியது, மூடினேன். ஓ-ரிங் பழையதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்றைப் போட்டேன், மீண்டும் சீறியது. அருகில் இருந்த மற்றொரு பிள்ளையின் தந்தை மிகுந்த அன்போடு தம் பையிலிருந்து ஒரு நீளமான அடாப்டரை எடுத்து நீட்டினார்: "இத போடுங்க சார், உடனே ஏறும். எங்க பையனோடது இதுலதான் போடுறோம்." உண்மையில் உடனே ஏறியிருக்கும். அவர்களுடைய துப்பாக்கியின் சிலிண்டர் 300 பார் தாங்குவது, எங்களுடையது 200.

சீறல் பழுது அல்ல, காவல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 200 பாருக்குச் செய்த பொருளை 300 பார் தொட்டியில் யாரும் மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அந்த இரண்டு சுற்று வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள். 280 பாரில் இருக்கும் பத்து லிட்டர் தொட்டியை, 100 பாரில் இருக்கும் 0.2 லிட்டர் சிலிண்டரோடு திறந்துவிட்டால், இரண்டும் சமனாகும் அழுத்தம் 276 பார். சிறிய சிலிண்டர் அந்த அளவை எட்டச் சில நொடிகள் போதும். நடுவே அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் எதுவும் இல்லை. வால்வின் மேல் இருக்கும் என் கைதான் ஒரே தடுப்பு, அந்தக் கை நேரத்தில் மூடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? "முள்ளைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்வோர் உண்டு. முள்ளைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டது அந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டது. நன்றி சொல்லி அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தேன், அவருக்கு வருத்தம்தான். கிளப்பின் பயிற்சியாளர் 200 பார் தொட்டி ஒன்றை வெளியே எடுத்துக் கொடுத்தார். அதில் எங்கள் குட்டை முனை சத்தமின்றி அமர்ந்தது. 200 பாரில் இருந்த 11 லிட்டர் தொட்டி, 80 பாரில் இருந்த எங்கள் சிலிண்டருக்கு ஊட்டியபின் ஏறக்குறைய 198 பாரில் நின்றது. அந்தத் தொட்டியால் எங்கள் சிலிண்டரை அதன் வரம்பு தாண்டி நிரப்பவே முடியாது என்பதால், அன்று முதல் கிளப்பில் அது ஒன்றிலிருந்து மட்டுமே ஏற்றுகிறோம்.

முள்ளின் கதை இதுதான். பம்பின் கேஜ் 200 காட்டும்போது சிலிண்டரின் கேஜ் 185 காட்டியது. பம்பின் முகப்பில் வெளிவட்டம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு), உள்வட்டம் பார். 200 பார் என்பது 2900 பி.எஸ்.ஐ. என்பதால் அலகைக் குழப்பிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். பிறகு முகப்பின் அடியில் பொடி எழுத்தில் 2.5 என்று இருந்ததைக் கவனித்தேன். அது துல்லிய வகுப்பு. முழு அளவின் இரண்டரை விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்று பொருள். 400 பார் வரை காட்டும் கேஜில் அது பத்துப் பார், எந்தப் பக்கமும். 300 பார் கேஜில் ஏழரை. அப்படியானால் 200க்கும் 185க்கும் உள்ள இடைவெளியில் இரண்டு கேஜுமே தத்தம் வரம்புக்குள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. எது மெய் என்று ஆராய்வதை விட்டுவிட்டு, இரண்டில் எது முதலில் 190ஐத் தொடுகிறதோ அங்கே நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். மொட்டைமாடி வெயிலோ காரின் பின்பக்கமோ 55 டிகிரியை எட்டினால், குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் ஏற்றிய 200 பார் 221 ஆகிவிடும் என்ற கணக்கும் அந்தப் பத்துப் பாரை விட்டுக்கொடுக்கத் தூண்டியது.

எல்லாம் சரியானபின்தான் இரவில் காற்று குறையத் தொடங்கியது. 190 என்ற வரம்பை வைத்துக்கொள்வதற்கு முந்தைய நாள்களில் அது: மாலையில் 200, காலையில் 170. முதலில் இதை வெப்பத்தின் கணக்கில் எழுதினேன்: ஏற்றி முடித்த சூட்டில் 45 டிகிரியில் இருந்த சிலிண்டர் 28 டிகிரிக்கு ஆறினால் 200 பார் 189 ஆகும். ஆனால் மீதி 19 பார் எங்கே? ஏற்றியபின் ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஓர் அளவு, மறுநாள் அதே அறையில் ஓர் அளவு என்று நான்கு நாள்கள் எடுத்ததில் கசிவு உறுதியானது. மரை இணைப்புகள் அனைத்திலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு நுரைகூட இல்லை. இறுதியில் சிலிண்டரின் வாயை மட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி வைத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழிகள், வால்வின் நடுவிலிருந்து, விடாமல் வந்துகொண்டிருந்தன.

வால்வை நான் பிரிக்கவில்லை. காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பரிடம் கொடுத்தேன். அவர் வால்வைத் திறந்து, இடுக்கியால் ஒரு வெள்ளை இழையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு நார்தான் அது. பொருந்தாத மரைகள் கடித்துக் கிழித்த டேப், காற்றோடு உள்ளே போய், வால்வு தன் இருக்கையில் முழுதாக அமர முடியாதபடி குறுக்கே கிடந்திருக்கிறது. அதே நேரத்தில் நான் அவசரத்தில் போட்டிருந்த ஓ-ரிங்கையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு பக்கம் தட்டையாகிப் பிதுங்கியிருந்தது. நான் வாங்கியது 70 ஷோர் கடினத்தன்மை கொண்ட சாதாரண நைட்ரைல் ரப்பர். இந்த அழுத்தத்துக்கு 90 ஷோர் தேவை. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. நகத்தால் அழுத்திப் பார்த்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். பூசுவதற்கும் நான் வீட்டில் இருந்த பெட்ரோலிய கிரீஸைத்தான் எடுத்திருந்தேன் என்பதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அழுத்தக் காற்று திடீரெனப் பாயும்போது எழும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளக்கூடும். சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் என்றார். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஏற்ற முடியுமா என்று ஒருவர் தம்மிடம் கேட்டதாகவும் சொன்னார். அதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை அவர் முகமே சொன்னது.

பெல்லட் பொருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அதில் நான் அதிகம் பாடுபடவில்லை. இலக்கின் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே ஆனதால், பெல்லட்டின் தலை 4.49ஆ, 4.50ஆ, 4.51ஆ என்பது முக்கியமாகிறது. துப்பாக்கியை வைஸில் பிடித்து மூன்று அளவிலும் பத்துப் பத்துச் சுட்டதில் எங்கள் குழாய்க்கு 4.50 நெருக்கமான கூட்டம் தந்தது. அந்தத் தொகுதி எண் பொறித்த டப்பாக்களையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டோம். வைஸில் பிடிக்கும்போது குழாயைப் பிடிக்காமல் நடுவுடலைப் பிடிக்க வேண்டும் என்பதும், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு எடுக்கக்கூடாது என்பதும் மட்டுமே சேர்க்க வேண்டியவை. இரண்டாவதை என் மகளுக்கு நான் இன்னும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்கியபின் பம்பின் வெளியேற்றும் துளையில் தண்ணீர் தெறிப்பதைக் கண்டேன். 27 டிகிரியில் நன்றாக ஈரமான நம் ஊர்க் காற்றின் ஒரு கனமீட்டரில் 23 கிராம் அளவுக்கு நீர் ஆவியாக இருக்கும். சிலிண்டரை நூறிலிருந்து இருநூறு பாருக்கு ஏற்ற 20 லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதனோடு அரை கிராம் நீரும் கிளம்புகிறது. ஆனால் 0.2 லிட்டர் இடத்தில் அந்த வெப்பநிலையில் ஆவியாக நிற்கக்கூடிய நீர் ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான், அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும். மீதி அத்தனையும் பம்பின் வடிகட்டியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சிலிண்டருக்குள் திரவமாக இறங்கும். அதனால் நாற்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தும்போதெல்லாம் வெளியேற்றும் திருகைத் திறந்து நீரைத் தெறிக்கவிடுகிறேன். வடிகட்டியின் பஞ்சையும் சிலிகா மணிகளையும் வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். கொட்டும் மழை நாளில் பம்பைத் தொடுவதே இல்லை.

அலமாரியின் மேல்தட்டில் இருந்த 2009ஆம் ஆண்டுச் சிலிண்டரை, யாரும் தவறியும் பயன்படுத்திவிடாதபடி, சென்ற மாதம் வால்வைக் கழற்றி நண்பரின் பட்டறையில் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்கினேன். வெளிப்புறம் கண்ணாடியாக இருந்த அந்த அலுமினியத்தின் உள் அடியில், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு, வெண்மையான பூப்பு படிந்து, அதை நகத்தால் சுரண்டியபோது அடியில் சிறு சிறு குழிகள் தெரிந்தன. அதன் ஒரு பாதி இப்போது பம்பின் பக்கத்தில் இருக்கிறது. மற்றொரு பாதியை, அந்த நீளமான அடாப்டரைக் கொடுத்த தந்தை தம் பையனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.